சர்க்கார் கூரையில் ஒரு கொடி

வெள்ளைக்கார சர்க்காருக்குச் சொந்தமான அரியூர் நாட்டு வன பங்களாவின் கூரையில் யாரோ மூவர்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். "சர்க்கார் கட்டடத்துல எவன்டா இதைக் கட்டினது? இறக்கி அடுப்புல போடு" என்று ரேஞ்சர் கத்துகிறார். மிளகு மூட்டையோடு அந்த வழியாக வந்த மலை விவசாயி ஏணியில் ஏறி அவிழ்க்கிறார். சாமிக்குச் சாத்திய துணியைப்போல, தரையில் படாமல் மடித்துத் தலையில் வைத்து இறங்குகிறார்.

வாசலில் காத்து நிற்கும் என் கதர்ச் சட்டையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிகிறது. "ஏனுங்க, இது உங்க கொடிதானுங்களே? அடுப்புல போடச் சொல்றாருங்க. நீங்க வாங்கிக்குங்க."

ரேஞ்சர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். இன்றிரவு பங்களாவில் தங்க அவர் அனுமதிதான் வேண்டும்.

"என்னுது இல்லீங்க" என்று சொல்லி, சால்வையை இழுத்துச் சட்டையை மூடிக்கொள்கிறேன்.

"குளிருதுங்களா சாமி?" என்று விவசாயி பரிவோடு கேட்கிறார்.

ஆமாம் என்கிறேன்.