தொட்டிக்குள் சப்பாத்துகள்

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினாறாம் மாடி. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். பழக்கத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். என்னைத் தங்கக் கூப்பிட்ட யோகன் ஓடிவந்து அதை எடுக்கிறான்.

“வெளியில விடாதேங்கோ அண்ணை. சோடியளை எண்ணினா எத்தினை பேர் இருக்கிறம் எண்டு கட்டடம் பாக்கிற சூப்பரின்ரெண்டனுக்குத் தெரிஞ்சிடும்.”

எல்லாருடைய சப்பாத்துகளும் குளியல் தொட்டிக்குள் பனி உருகிக் கிடக்கின்றன.

“எனக்குப் படுக்க இடமிருக்கா?”

“ஓம். எங்கட சீலனுக்கு இரவு வேலை. அவன்ரை மெத்தையில படுங்கோ. அவன் வர விடிஞ்சிடும்.”

கண் விழிக்கும்போது ஜன்னலில் நல்ல வெயில். பதறிப்போய் முகம் கழுவ ஓடுகிறேன். வேலையால் வந்த சீலன் என்னை எழுப்பாமல், சப்பாத்துகளைத் தரையில் ஒதுக்கிவிட்டு, கோட்டோடு தொட்டிக்குள் தூங்குகிறான். இப்போதுதான் அவன் முகத்தையே பார்க்கிறேன். என் சப்பாத்து மட்டும் ஹீற்றர்மேல் காய்ந்துகொண்டிருக்கிறது.