ஒன்பதாவது அலாரம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். பேய் என்றாலே கேலி பேசுகிற எலெக்ட்ரீஷியன் நான். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் ஆலையில் பெயிண்ட் கலக்கும் தொட்டி ஒன்று உண்டு. அதன் மோட்டாரை ஓட்டுவது டிரைவ் என்ற பெட்டி. கோளாறு வந்தால் அலாரம் அடிக்கும், நேரத்தோடு பதிந்துகொள்ளும். தொட்டிக் கதவு திறந்திருந்தாலும் அடிக்கும்; அதை ரத்து செய்யாமல் மோட்டார் ஓடாது. கடைசி எட்டு அலாரம்தான் அதன் நினைவில் நிற்கும். ஒன்பதாவது வந்தால் பழையது அழிந்துவிடும்.

மூன்று மாதம் முன்பு, காலை 11:45 வாக்கில், எங்கள் ஃபிட்டர் ஒருவர் உள்ளே இறங்கித் தொட்டியைச் சுத்தம் செய்தபோது மோட்டார் ஓடிவிட்டது. ஆள் போய்விட்டார். பதிவில் இருந்த எட்டும் வோல்டேஜ் குறைவு என்ற அற்ப அலாரங்கள். கதவு மூடித்தான் இருந்தது, ஃபிட்டர் யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டார் என்றான் அந்த ஷிஃப்டில் இருந்த என் மச்சான். மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் பேச்சை நம்பி, தவறு ஃபிட்டருடையது என்ற தாளில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

போன ஞாயிறு பராமரிப்பு வேலை. ஆலையில் நான் மட்டும். 1:07க்கு மெயினை இறக்கிப் பூட்டினேன். சாவி என் பையில். 1:15க்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்ட் சுத்தமாக இல்லை.

1:19. டக்.

டிரைவின் திரை எரிந்தது. எட்டு வரிகள். வோல்டேஜ் குறைவு, வோல்டேஜ் குறைவு...

டக். மேல் வரி மறைந்தது. ஏழு.

பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடை வந்தது. தொட்டி காய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

டக். ஆறு.

ஓட நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மெயினில் என் பூட்டு அப்படியே தொங்கியது.

டக்... டக்... டக்...

எட்டும் போயிற்று.

அடியில் ஒன்று.

"தொட்டிக் கதவு திறந்துள்ளது. 11:42. ரத்து செய்யப்பட்டது."

ரத்து செய்ய என் ரகசிய எண் வேண்டும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதை ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லியிருந்தேன்.

நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். கதவு அலாரத்தைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கதவு சுவிட்ச் சும்மா கத்துதுன்னு நெனச்சு ரத்து பண்ணிட்டேன் மாமா. அப்புறம் எட்டு தடவை வேணும்னே அலாரம் வரவச்சேன்... அது எப்படி இன்னும் இருக்கு?"

நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான், பாவி.

மறுநாள் மேனேஜர் முன்னால் அவன் வாயே மாறிவிட்டது.

"மாமா ரெண்டு நாளா சரியா தூங்கல சார்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டிரைவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் கத்தினேன். டிரைவ் கம்பெனி இஞ்சினியர் வந்து திறந்தார். பதிவில் ஒன்றுமே இல்லை. அலாரங்கள் பதியும் நினைவு கார்டைக் கழற்றி, அதன் பின்பக்கம் அச்சடித்திருந்த தேதியைக் காட்டினார்.

"பழைய கார்டை எடுத்துட்டு இதைப் போட்டு இருபது நாள்தான் ஆகுது. இந்தக் கார்டைச் செஞ்சதே உங்க ஃபிட்டர் செத்து ஒரு மாசம் கழிச்சுதான்."