கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நல்ல முடிவு வந்ததும் மற்றவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். அவள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். போட்ட கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று படம் வரைந்து பார்க்காமல் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடமாட்டாள்.

பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் புதுமுறை ஒன்றைப் பல பள்ளிகளில் சோதித்துப் பார்த்த ஆய்வு அவளிடம் வந்தது. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, ஒருவர் சாயல் இன்னொருவரிடம் இருக்கும். அதனால் எல்லோருக்கும் பொதுவான மதிப்பெண் ஏற்றத்தையும், பள்ளிக்குப் பள்ளி மாறும் ஏற்ற இறக்கத்தையும் கலந்து புள்ளியியல் மாடல் ஒன்று போட்டாள். பள்ளிகளின் பெயர் அவளுக்குத் தெரியாது, எண்கள்தான். பெயர்கள் இயக்குநரிடம் பத்திரமாக இருந்தன.

சராசரி பிரமாதமாக வந்தது. படங்கள்தான் முரண்டு பிடித்தன. மாடலுக்கு அகப்படாத மிச்சங்களைப் புள்ளிகளாக வைத்தால், தரையில் கொட்டிய கடுகு போல ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்க வேண்டும். இங்கே விசிறி விரிந்திருந்தது. நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் பக்கம் நெருக்கம்; தடுமாறுகிறவர்கள் பக்கம் கன்னாபின்னாவென்று சிதறல். கிளறிப் பார்த்தாள். தடுமாறுகிறவர்களில் பலருக்குப் புதுமுறை ஒட்டவே இல்லை. அடுத்த படத்தில் பள்ளிகளெல்லாம் தத்தம் ஏற்றத்தின்படி ஒரு சாய்கோட்டில் வரிசையாக நிற்க, ஒன்று மட்டும் கோட்டை விட்டு விலகி உச்சியில் தன்னந்தனியாக நின்றது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த விசிறிதான் பெரிய சிக்கல். தடுமாறுற பிள்ளைங்களுக்கு இது உதவல. அப்புறம் இந்த ஒரு ஸ்கூல். என்ன ஏதுன்னு விசாரிக்கணும்."

அவர் விசிறியை ஓரமாகத் தள்ளினார். ஒற்றைப் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இத நான் பாத்துக்கறேம்மா."

கல்வித்துறையில் விசாரித்தார்கள். அந்தப் பள்ளியில் பரீட்சை நேரத்தில் விடைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உத்தரவு தலைமையாசிரியருடையது, வாய்மொழியாக. சீட்டு கிழிந்தது வகுப்பாசிரியைக்கு.

அம்மா போன் செய்தபோதுதான் அந்த ஆசிரியை யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா தங்கை வீட்டோடு இருந்தாள்.

"உன் தங்கச்சிய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கடி. ஏதோ படம் வரைஞ்சு கண்டுபிடிச்சாங்களாம். வரைஞ்சவ நல்லா இருப்பாளா?"

மழுப்பியிருக்கலாம். அவளுக்கு மழுப்ப வரவில்லை.

"நான்தாம்மா வரைஞ்சேன். அவ ஸ்கூல்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வரைஞ்சிருக்க மாட்டியா?"

அவள் போனை வைத்துவிட்டு நேராக இயக்குநரிடம் போனாள்.

"தலைமையாசிரியர் சொல்லித்தானே சார் செஞ்சிருக்கா? அவர எப்படி விட்டீங்க?"

"அது அவங்க துறை விவகாரம்மா. நம்ம டேட்டா சுத்தமாயிடுச்சு, அது போதும்."

அந்தப் பள்ளியை நீக்கிவிட்டு மறுபடி மாடல் போடச் சொன்னார். மற்ற பள்ளிகள் நல்ல பிள்ளைகளாகக் கோட்டில் நின்றன. விசிறி அசையவில்லை. அறிக்கையில் கோட்டுப் படம் மட்டும் இடம்பிடித்தது. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். பக்கத்து மேசைக்காரர் போட்டார், மறுமாதமே அவளுக்கு மேலதிகாரியானார். புதுமுறை எல்லாப் பள்ளிகளுக்கும் போனது. தடுமாறிய பிள்ளைகள் தடுமாறிக்கொண்டே இருந்தார்கள்.

தங்கை ஒரு துணிக்கடையில் பில் போடப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மனதைத் தேற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். "வாக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுக்கிற தங்கை, அன்று கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"வாங்க. உட்காருங்க."

"என்னைப் போய் ஏன்டி வாங்க போங்கங்கற?"

"பெரிய ஆபீஸ்ல இருக்கீங்க. வேற எப்படிக் கூப்பிடறது?"

அம்மா உள்ளறையை விட்டு வரவில்லை. அக்கா நாற்காலியின் நுனியில், விருந்தாளியைப் போல உட்கார்ந்தாள்.