சம்பந்தி இலைக்கு வராத கொடுவா

என் வீட்டுக்காரர் தங்கராசுவுக்கு மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷ வேலை. ஆனால் ஊரில் அவரை யார் விசாரித்தாலும், "யாரு, கொடுவா தங்கராசா?" என்றுதான் கேட்பார்கள். உப்பு வாரும் ஆளுக்குக் கொடுவா மீனோடு என்ன வேலை என்று நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து தூண்டில்காரர்கள் காரில் வந்து இறங்குவார்கள். உப்பளத்துக்குத் தண்ணீர் விடும் மதகுகளில் எதில் கொடுவா நிற்கும் என்று காட்ட இவர்தான் வேண்டும். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது இறாலும் பொடிமீனும் மதகு வழியாக வெளியே வருமாம். கொடுவா நிழலில் ஒதுங்கி, நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்குமாம். மாட்டியதும் தண்ணீருக்கு மேலே எகிறி, தலையை உதறித் தூண்டிலைத் துப்பப் பார்க்குமாம். அந்த ஒரு துள்ளலுக்காகத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். பிடித்து, போட்டோ எடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். சோற்றுக்கு ஆகாத மீன்பிடி.

"சின்னதுல எல்லாம் ஆம்பளைடி. பெருத்தா பொம்பளையா மாறிடும். அதான் பெருச விட்டுடுங்கன்னு அவங்ககிட்ட சொல்றேன்," என்பார் இவர்.

வளர்ந்தால் மீனுக்குக்கூட புத்தி வருகிறது.

எங்கள் மகள் பூங்குழலியைக் கட்டிக்கொடுத்த பிறகு, சம்பந்தி கன்னியப்பன் முதல்முறையாக விருந்துக்கு வருவதாக இருந்தது. அவர் கூனிமேட்டில் மீன் வியாபாரி. "மீன் நான் எடுத்தாரட்டுமா?" என்று போனில் கேட்டார். இவர் சரி என்றிருக்கலாம். "நீங்க கையை வீசிக்கினு வாங்க சம்பந்தி. கொடுவா நான் போடறேன்," என்று சொல்லிவிட்டார். கல்யாணச் சாப்பாடு பத்தவில்லை என்று ஏற்கனவே அந்த வீட்டில் என் மகளைக் குத்திக்கொண்டிருந்தார்கள். இந்த விருந்திலாவது அவர்கள் வாயை அடைத்துவிட வேண்டும் என்று புளி கரைத்து வைத்துக் காத்திருந்தேன்.

விடிகாலையில் போனவர் பதினோரு மணிக்கு வெறுங்கையோடு வந்தார். போனை நீட்டினார். போட்டோவில், கதவைத் தூக்கும் சக்கரம் உடைந்த மதகு. அதன் திட்டில் கை நீளத்துக்கு ஒரு கொடுவா.

"வயிறு முழுக்க சினை, வேலம்மா. ஊரானுக்கெல்லாம் சொல்லிட்டு நான் எப்படி அறுக்கறது? விட்டுட்டேன்."

"போட்டோவையா குழம்பு வெக்கறது?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மார்க்கெட்டுக்கு ஓட நேரமில்லை. கரைத்த புளியில் முருங்கைக்காயை வெட்டிப் போட்டேன்.

கன்னியப்பன் இலையைப் பார்த்தார். "இன்னா சம்பந்தி, கொடுவா முருங்கை மரத்துல ஏறிடுச்சா?" என்றார். அவர் மனைவி சிரித்தாள். பூங்குழலி தலையை நிமிர்த்தவில்லை.

இவர் கை சட்டைப்பையில் இருந்த போனுக்குப் போனது. காட்டித் தொலையட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அந்த மீனைப் பார்த்தால் சம்பந்தி அதோடு வாயை மூடுவார். அப்புறம்தான் அந்த உடைந்த சக்கரம் நினைவுக்கு வந்தது. கன்னியப்பனுக்குத் தெரியாத மதகில்லை. போட்டோவைப் பார்த்தால் சாயங்காலமே அங்கே வலை இறங்கும்.

இவர் கை வெறுமனே திரும்பி வந்தது. "கெடைக்கலைங்க," என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "நெசமாவா? நீங்க சொல்லுங்க."

"ஆமாங்க, ஒரு பொடிமீன்கூட கெடைக்கல," என்று சொல்லி, அவர் இலையில் இன்னொரு கரண்டி முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றினேன்.