சாவுக்கு மட்டும் காப்பு

கொழும்பில் சித்தாள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், ஒருவன் கத்தியும் கையுமாக எங்கள் சாரத்தில் ஏறிக் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தான். இன்னும் சற்று நேரத்தில் சாந்துச் சட்டியோடு நாங்கள் ஏற வேண்டிய சாரம் அது. "ஏலே, கட்டுன கயித்த எதுக்குல அறுக்க? ஆளக் கொல்லப் பாக்கியா?" என்று கீழே நின்று கத்தினேன். அவன் ஒரு சிங்களவன், பெயர் பியதாச. என் பேச்சில் ஒரு சொல்லும் அவனுக்குப் புரியவில்லை. அறுத்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்து, என் முகத்துக்கு நேரே நீட்டி, "கன்ன, கன்ன" என்றான். கன்னத்தில் அடிப்பேன் என்று மிரட்டுகிறான் போலும் என்று நான் இரண்டடி பின்னால் போனேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிங்களத்தில் 'எடுத்துக்கொள்' என்பதற்கு அதுதான் சொல்லாம். அடுப்பெரிக்கக் கயிறு கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறான் மனிதன். தினமும் காலையில் நைந்த கட்டுகளைப் பார்த்து அறுத்துவிட்டுப் புதுக்கயிறு கட்டுவதற்கென்றே அவனுக்குச் சம்பளம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அன்று பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நைந்த கயிற்றை அறுக்க ஓர் ஆள் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்று நடமாடிக்கொண்டிருப்பார்.

தூத்துக்குடியில் அவர் கொத்தனார். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். துறைமுகத்துப் பக்கம் சரக்கு அடுக்கிவைக்கப் பெரிய கிட்டங்கி ஒன்று எழும்பியது. நானும் அங்கேதான் சட்டி சுமந்தேன். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் சாந்து சுமப்பதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசினவர்கள் யாரும் அரிசி கொண்டுவந்து போடவில்லை. சுவர் ஆள் உயரம் வந்திருந்தபோது, கோட்டுப் போட்ட இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் கண்டிராக்டரைப் பார்க்க வந்தார். நாங்கள் நிற்கும்போதே, மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று இருவரும் பேசினார்கள். ஏஜெண்டு இரண்டு விதம் சொன்னார். வேலையில் ஆள் செத்தால் குடும்பத்துக்குக் கொடுப்பது ஒன்று. சாவுக்கும் கொடுத்து, கை கால் போனாலும், வேலைக்கு வர முடியாமல் படுத்துவிட்டாலும் கொடுப்பது இன்னொன்று. முதலாவது மலிவு.

"மலிவானதே போதும்யா. அதிகாரி வந்து கேட்டா இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்லணும், அவ்வளவுதானே?" என்றார் கண்டிராக்டர்.

என் வீட்டுக்காரர் சாரத்தில் இருந்தபடியே கேட்டார்: "அண்ணாச்சி, கீழ விழுந்து கை கால் முறிஞ்சா என்ன செய்ய?"

"ஏலே, நல்ல வார்த்தையே வாயில வராதா ஒனக்கு? விழுகதுக்கா சாரம் கட்டியிருக்கு? வேலையப் பாரு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிட்டங்கிக்கு மட்டும் நெருப்பு, புயல், கடல்தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காப்பு எடுத்தார்கள். அதில் மலிவு பார்க்கவில்லை.

உப்புக்காற்றில் கயிறு எத்தனை நாள் தாங்கும்? கூரையைத் தாங்கும் மேல்சுவர் கட்டும்போது ஒரு கட்டு விட்டது. மூங்கில் சரிந்து, அவர் கீழே அடுக்கியிருந்த கருங்கல்லின் மேல் மல்லாந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கண்டிராக்டர் வந்தார்; கூடவே அந்த ஏஜெண்டும் வந்தார். "உசுருக்கு ஆபத்து இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார்மா, சந்தோஷப்படுங்க" என்றார் ஏஜெண்டு. "இவுகளுக்கு ஏதாச்சும் கிடைக்குமாய்யா?" என்று கேட்டேன். "பாலிசி சாவுக்கு மட்டும்தானே எடுத்திருக்கு" என்றார். கட்டிலில் கிடந்தவர் மெதுவாகச் சொன்னார்: "அப்போ நான் செத்திருக்கணும், என்ன?" வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எண்ணி ஏஜெண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. ஒரு பெண் எட்டி அறையக்கூடிய தூரத்தில்தான் அந்த மனிதர் நின்றார்.

பாலிசி இல்லாவிட்டாலும் சட்டப்படி கண்டிராக்டர் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு வக்கீல் சொன்னார். கேட்கப் போனேன். "ஏளா, அவன் என் ஆளா? மேஸ்திரி கூட்டியாந்த ஆளு. அவன்கிட்டப் போய்க் கேளு" என்றார் கண்டிராக்டர். மேஸ்திரி ஊரைவிட்டே போய்விட்டான். கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. வந்தால் மறுநாள் வேலை இல்லை. அந்த ஐப்பசியில் அடித்த காற்றில் கிட்டங்கிக் கூரை ஒரு மூலையில் பிய்ந்து போனது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது, புது ஓடு போட்டார்கள். ஓட்டுக்கு இருந்த காப்பு அதைத் தாங்கும் சுவரைக் கட்டியவருக்கு இல்லை.

அவரை ஆறுமுகநேரியில் அவர் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, சண்டை முடிந்தபின் என் அண்ணனோடு கப்பல் ஏறினேன்.

இங்கே கயிறு அறுப்பதைக் கண்டு, இந்த நாட்டார் இரக்கமுள்ளவர்கள் என்று முதலில் நினைத்தேன். அதுவும் சில மாதந்தான். சாரத்தைத் தினமும் சோதிக்காவிட்டால் பாலிசி செல்லாது என்று கம்பெனி சொல்லியிருக்கிறதாம். பியதாச அறுப்பது எங்களுக்காக அல்ல, பாலிசிக்காக. போன மாதம் புதுக் கட்டடம் ஒன்று முதல் மாடிக்கு எழும்பியபோது, ஓவர்சீயரான பறங்கித் துரை எங்களைக் கூட்டி வைத்துத் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்: "கை போனா காசி. கால் போனா காசி. செத்தா பொஞ்சாதிக்கு காசி."

"பொம்பளைக்கு, துரை?" என்று கேட்டேன்.

"ஆமா, ஆமா. உன் புருஷன் செத்தா உனக்கு காசி."

"என் புருஷன் இங்கன இல்ல துரை. நான் விழுந்தா?"

அவருக்கு விளங்கவில்லை. அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். கொத்தனார், தச்சர் எல்லோருக்கும் காப்பு உண்டு, சுமக்கிற பெண்கள் தினக்கூலிகள், அவர்களைச் சேர்க்கவில்லை என்றார் துரை. ஒரே சாரம், ஒரே கயிறு, ஒரே உயரம். என் தலையில் இருந்த சட்டியை அவர் காலடியில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். அன்று தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். குழைத்த சிமெண்டு வெயிலில் இறுகிக்கொண்டிருந்தது. துரை கத்தினார், கெஞ்சினார். பியதாச என்ன விஷயம் என்று யாரிடமோ கேட்டுவிட்டு, கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து குந்தினான். மத்தியானத்துக்குள் முதலாளிக்கு ஆள் போயிற்று. பெண்களையும் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்தோம்.

தூத்துக்குடியில் சாரம் ஏறும் பெண்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சாவுக்கு மட்டுமா, ஊனத்துக்கும் உண்டா, நம்மையும் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். சுவர் எழும்பும் முன்பே கேளுங்கள். எழும்பிய பிறகு நம்மை யாருக்கும் தெரியாது.

நாங்கள் ஜெயித்தோம் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. மறு வாரம் துரை முகமெல்லாம் சிரிப்பாக வந்து பெண்களுக்கான ஏற்பாட்டைச் சொன்னார். செத்தால் குடும்பத்துக்குப் பணம். ஊனமானால் வைத்தியச் செலவு. இந்தியாவிலிருந்து வந்தவளாக இருந்தால் அதோடு ஊருக்குக் கப்பல் டிக்கெட்டும் உண்டு, அதற்குமேல் இல்லை. "ஊருக்கு போகலாம்! நல்லது, இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மெய்யாகவே எனக்கு ஒரு நன்மை செய்ததாக நினைத்திருந்தார். சிலர் கைகூடத் தட்டினார்கள். கால் இருக்கும்வரை இந்த நாட்டுக்கு நான் வேண்டும். கால் போனால் அந்த நாட்டுக்குச் சொந்தம். ஆறுமுகநேரியில் அவர் படுத்திருக்கும் அறை ஒரு பாய் விரிக்கத்தான் காணும். சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறும்போது, அந்தப் பாயில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதும், ஒருவரை ஒருவர் எழுப்பி உட்கார வைக்க முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என் கண்ணுக்குத் தெரிந்தது.