புழு பூச்சி

வானகரத்தில் ஒரு பூச்சிமருந்து கம்பெனி. அங்கே போன் எடுப்பதுதான் ராஜகுமாரியின் வேலை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து அடுக்குமாடிகளில் குடியேறிய ஜனம் நாளெல்லாம் கூப்பிடும். ஒருவர் கரப்பு என்பார், ஒருவர் பாச்சை என்பார். போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கரப்பான்தான். பெயர் தெரியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, பூச்சி. பொழுது சாய்ந்துவிட்டால் பாம்பைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடுமாம்.

அந்த வார்த்தை அவளை முதலில் கடித்தது மாமியார் வேம்புலியம்மாள் வாயிலிருந்து. "கண்ணாலமாயி இத்தினி வருசமாச்சு, இவ வயித்துல ஒரு புழு பூச்சி கீதா?" என்று குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். புருஷன் செங்கல்வராயன் ஒருநாள் வேறொருத்தியோடு ஆவடிக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

தவமிருந்து கேட்கிற பிள்ளையைப் போய் ஏன் புழு, பூச்சி என்கிறார்கள்? போன் அடிக்காத மத்தியானங்களில் ராஜகுமாரி இதை யோசித்திருக்கிறாள். அவளாகவே ஒரு பதிலும் வைத்திருந்தாள். கண்ணு பட்டுவிடக் கூடாதே என்றுதான். பிழைக்க வேண்டிய பிள்ளைக்குக் குப்பன் என்று பேர் வைப்பதில்லையா, அந்த மாதிரி. படித்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம். அவளுக்கு இது போதும்.

பக்கத்து நாற்காலி கிருஷ்ணப்பிரியாவுக்கு ஏழாம் மாசம். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் இருவரும். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நசரத்பேட்டையில் ஒரு மண்டபம் என்று பேச்சு அடிபட்டதுமே ராஜகுமாரி பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஆபீஸில் எல்லாரையும் அழைத்துவிட்டுக் கடைசியாக அவளிடம் வந்த கிருஷ்ணப்பிரியா, கண்ணைப் பார்க்காமல் நின்றாள். இவள் முந்திக்கொண்டாள். "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்கம்மா, போனை நான் பாத்துக்கறேன்."

ராஜகுமாரி செய்த தப்பு அதுதான். "அதெல்லாம் முடியாது, நீ வரணும்க்கா" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அப்படிச் சொன்னாள். கிருஷ்ணப்பிரியாவின் முகத்தில் நிம்மதி வந்தது. "தேங்க்ஸ்க்கா" என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மழை. ஆளில்லாத ஆபீஸில் ராஜகுமாரி மட்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் அடித்தது.

"நான் கோகுல்நாத், கிருஷ்ணப்பிரியா ஊட்டுக்காரன். மண்டபம் பூரா ஈசல்க்கா! சோத்துல வந்து வுழுவுது."

"உள்ள லைட்டை அணைங்க. வெளிய ஒரு லைட்டைப் போட்டு, கீழ அகலமா தண்ணி வைங்க. எல்லாம் அங்க போயிடும்."

ஈசலுக்கு அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அவன் குரலுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கை நிறைய, அடுக்கடுக்காக. யாரோ நலங்குப் பாட்டு எடுத்தார்கள். ராஜகுமாரிக்குப் போனை வைக்க மனம் வரவில்லை.

"றெக்கை எம்மாம் பெருசு கீது? செவுத்துல கீதா, தரையில கீதா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

பாவம், அவனும் தேடித் தேடிச் சொன்னான். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லாதபோது அவனே, "எல்லாம் வெளிய போயிருச்சுக்கா" என்றான்.

"யாருங்க போன்ல?" கிருஷ்ணப்பிரியாவின் குரல்.

"உன் ஆபீஸ்தான். யாரோ ஒரு அக்கா."

போன் கை மாறியது. வளையல் ஒருதரம் குலுங்கி அடங்கியது.

"அக்கா..."

எந்த வாடிக்கையாளருக்கும் சொல்வதையே ராஜகுமாரி சொன்னாள். "வேற எதுனா தொந்தரவு இருந்தா கூப்புடுங்க மேடம்."

வைத்துவிட்டாள். அவள் மேஜை விளக்கைச் சுற்றியும் நாலைந்து ஈசல்கள் வந்திருந்தன. விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்த வளையல்களைத் தொட்டாள்; போட்டுக்கொள்ளவில்லை. நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வந்தவள், தன் கண்ணே பட்டுவிடுமோ என்று பயந்துபோனாள்.

"அந்தப் புழு பூச்சி எப்டியோ இருந்துட்டுப் போவட்டும்" என்றாள், யாருமில்லாத பக்கத்து நாற்காலியைப் பார்த்து.