ஊசிக்குக் கீழே இருக்கும் பீஸ்

நான் திருப்பூருக்கு வந்தது தைப்பதற்காக அல்ல, கோல் காப்பதற்காக. பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று தன் பெண்கள் ஹாக்கி அணிக்குச் சம்பளத்துக்கு ஒரு கோல்கீப்பரைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பள்ளியிலும் கல்லூரியிலும் கோலுக்கு முன்னால் நின்றே வளர்ந்தவள். விளையாடுவதற்காக மட்டும் சம்பளம் வாங்கியவள் அந்த அணியில் நான் ஒருத்திதான். மற்ற நான்கு பேரும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள்.

ஐந்து பேர் ஆடும் சிறிய மைதான ஹாக்கி அது. கம்பெனிகளுக்கு இடையே வருடம் ஒருமுறை போட்டி நடக்கும். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறியிருந்தது. நான் சேர்ந்த அன்றே மனிதவள அதிகாரி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“கப்பெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு மேட்ச் ஜெயிங்க, போதும். இல்லீன்னா அடுத்த வருசம் டீம் இல்லீங்க. நாலு மணி பிராக்டிஸும் இல்லீங்க.”

அணி போனால் என் வேலை போகும். மற்றவர்களுக்குப் போவது தினமும் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம். அது சின்ன விஷயம் என்று முதலில் நினைத்தேன். மணி நாலு அடித்ததும் அவர்கள் மைதானத்துக்கு ஓடி வருவதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

தையல் லைனில் ஆளை மெஷின் பெயரால் கூப்பிடுவார்கள். எங்கள் கேப்டன் ஓவர்லாக் அக்கா. காங்கேயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், தடுப்பாட்டக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. முன்னால் ஆடியவள் சிங்கர். ஜார்க்கண்டில் மூங்கில் கழியால் பந்தடித்துப் பழகிய பெண், அக்காவை ‘தீதி’ என்பாள். நடுவில் ஆடிய இருவரும் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைத் தோழிகள். ஒருத்தி பேசினால் மற்றவள் சிரிப்பாள். நான் ‘கீப்பர்’ ஆனேன். ஹாக்கி மட்டைகள் எங்களிடம் ஆறுதான் இருந்தன. ஜெர்சிகளோ ஆளுக்குப் பதினைந்து. மிச்சத் துணி வந்தபோதெல்லாம் யாராவது ஒரு செட் தைத்துவிடுவார்கள்.

சிக்கல் முதல் பயிற்சி ஆட்டத்திலேயே தெரிந்தது. பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் பந்தோடு எங்கள் பக்கம் வந்தார்கள். உடனே எங்கள் நான்கு பேரும் கோலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். பந்து எட்டுக் கால்களுக்கு நடுவே நுழைந்து, என் காலைத் தாண்டி, வலைக்குள் போய் நின்ற பிறகுதான் அதைப் பார்த்தேன். அப்படியே நான்கு கோல்கள்.

“எக்கா, எனக்குப் பந்தே தெரியல. கொஞ்சம் வெலகி நில்லுங்கக்கா” என்றேன்.

ஓவர்லாக் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. “அதெப்படிக் கண்ணு, உன்னைத் தனியா உட்டுப்போட்டு நாங்க வேடிக்கை பாக்கறது?”

“உங்க ஊர்ல அப்படித்தான் உட்டுப்போடுவாங்களாட்ட இருக்குது” என்றாள் செக்கிங் தோழி என்னைப் பார்த்து. மற்றவள் சிரித்தாள்.

இரண்டு வாரம் கத்திப் பார்த்தேன். விலகுவார்கள், பந்து அருகில் வந்ததும் மறுபடி கூடிவிடுவார்கள். “தீதி, பந்து மட்டும் குடு. நான் ஓடும்” என்று தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டே சிங்கரும் கடைசியில் என் மடியில் வந்து விழுவாள்.

காரணத்தை லைனில் கண்டுபிடித்தேன். நாலு மணி வரை எனக்கு வேலை இல்லை என்பதால், ஒருநாள் அவர்கள் தைப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். லைனில் துணி கை மாறிக்கொண்டே போகிறது. ஒருத்தி கழுத்துப்பட்டி வைக்கிறாள், அடுத்தவள் கை ஏற்றுகிறாள், அதற்கடுத்தவள் பக்கவாட்டை மூட்டுகிறாள். அன்று ஒரு பெண்ணுக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. அவள் முன்னால் தைக்க வேண்டிய துணித் துண்டுகள், அதாவது பீஸ்கள், குவிந்தன. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வலப்பக்கத்துப் பெண் குவியலில் ஒரு கட்டுத் துணியை எடுத்துக்கொண்டாள். இடப்பக்கத்திலிருந்து ஓவர்லாக் அக்கா இன்னொரு கட்டுத் துணியை இழுத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் குவியல் கரைந்தது. ஒருத்தி திணறினால் எல்லோரும் பாய்வது அவர்கள் கைகளில் ஊறிய பழக்கம். மைதானத்தில் திணறியவள் நான்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவ்வளவு உதவியிலும் ஒரே ஒரு பீஸை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தப் பெண்ணின் ஊசிக்குக் கீழே இருந்த பீஸ் அது. அதைப் பக்கத்தில் இருப்பவள் இழுத்தால் தையல் கோணும், விரலும் போகும்.

அன்று நாலு மணிக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோலைச் சுற்றி ஓர் அரைவட்டம் போட்டேன்.

“எக்கா, இது என் மெஷின். இதுக்குள்ள பந்து வந்துட்டா அது ஊசிக்குக் கீழ இருக்கிற பீஸ். நீங்க தொடக் கூடாது. கோட்டுக்கு வெளிய கெடக்கிறதெல்லாம் குவியல். அதை எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கோங்க.”

ஓவர்லாக் அக்கா கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கோணுமல்லோ! ரெண்டு வாரமா வெலகு வெலகுன்னா என்னன்னு கண்டம்?”

போட்டி அவிநாசி சாலையில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. முதல் பாதியில் சிங்கர் மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு ஓடி ஒரு கோல் போட்டாள். அதன் பிறகு எதிரணி எங்கள் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை. எங்கள் நான்கு பேரும் கோட்டுக்கு வெளியே குவியலை அள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் செக்கிங் தோழிகள் இருவரும் ஒரே பந்துக்குப் போய் மோதிக்கொண்டார்கள். எதிரணியின் உயரமான பெண் பந்தோடு தனியாக வந்தாள்.

விளையாட்டுச் செய்திகளில் அழுத்தம் என்று எழுதுவார்கள். எனக்கு அது ஒரு சத்தம். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்கும். வேறெதுவும் கேட்காது. அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே ஓவர்லாக் அக்கா பாய்ந்து வந்தார். கோட்டை நெருங்கினார். நின்றார். நின்ற வேகத்தில் முன்னால் சாயப் போனவர், மட்டையை ஊன்றித் தன்னைப் பிடித்துக்கொண்டார். வாய் முணுமுணுத்தது. கால் கோட்டைத் தாண்டவில்லை.

இப்போது எனக்கும் பந்துக்கும் நடுவே யாரும் இல்லை. அது வெள்ளையாக, முழுசாகத் தெரிந்தது. அவள் தோள் திரும்பிய பக்கம் இடது காலை நீட்டி விழுந்தேன். கால் காப்பில் பந்து பட்ட அதிர்வு இடுப்பு வரை ஏறியது. பந்து துள்ளி அரைவட்டத்துக்கு வெளியே போனது.

“இது என்ற குவியல்!” என்று கத்திக்கொண்டே ஓவர்லாக் அக்கா அடித்த அடியில் பந்து பள்ளிக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. அதை யாரோ எடுத்து வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

நால்வரும் என் மேல் வந்து விழுந்தார்கள். தலையில் ஹெல்மெட், மேலே நான்கு பேர், சித்திரை வெயில். மூச்சு முட்டியது. எழுந்திருக்க மனமில்லை.

“எக்கா, கோட்டுல நின்னு என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“உன்னையல்ல கண்ணு, என்ற காலைத் திட்டுனேன்.”

அடுத்த ஆட்டம் ஒரு மணி நேரத்தில். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஐந்தாவது கோல் விழுந்தபோது செக்கிங் தோழி ஏதோ சொன்னாள், மற்றவள் சிரித்தாள், எதிரணிப் பெண்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஐந்து கோலையும் நான் தெளிவாகப் பார்த்தேன். நல்ல கோல்கள்.

திரும்பும் வேனில் சிங்கர் ஊருக்குப் போன் போட்டு ஒரே ஆட்டத்தை மூன்று பேருக்கு மூன்று தடவை சொன்னாள். முன் இருக்கையில் மனிதவள அதிகாரி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். ஓவர்லாக் அக்கா எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ஏனுங்க சார், இப்பவே சொல்லிப்போடறேன். அடுத்த வருசம் ரெண்டு மேட்ச் ஜெயிக்கோணும்னு ஆரம்பிச்சுராதீங்க.”

“இல்லீங்கம்மா, இல்லீங்கம்மா” என்று அவர் சிரித்தார். ஆனால் கையில் இருந்த நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.